நாலு வீதி, நாலு அரசாங்கம், ஒரு தேர்

மவுண்ட் ரோஸ்கில்,
ஆக்லாந்து.
தை மாதக் கடைசி, மண்டை பிளக்கும் கோடை.

அரசாணைகளுக்கு அஞ்சாத நெஞ்சினனும், என் அக்காள் ஈன்றெடுத்த ஒரே ஆண் சிங்கமும், சென்ற ஆவணியில் மாநகராட்சி அலுவலக நாற்காலி ஒன்றில் அமர்ந்து கரூர் மண்ணையே அரை அங்குலம் தாழ்த்தியவனுமாகிய மருமகன் ஆதவனுக்கு, தென்துருவத்துக்கு அடுத்த தெருவிலிருந்து மாமன் திருநாவுக்கரசு வரையும் மடல். இங்கு நானும் உன் அத்தை பூங்கோதையும் நலம். அங்கு உன் நலமும், அக்காளின் முழங்கால் நலமும், போன முறை வீடியோ காலில் உனக்கும் எனக்கும் குறுக்கே நடந்து போனதே ஒரு கருப்பு ஆடு, அதன் நலமும் அறிய ஆவல்.

உன் பயிற்சி வகுப்புக் கட்டுரைக்காகக் கேட்டிருந்தாய்: "மாமா, ஒரு மாநிலத்துக்குள்ள மாவட்டம், மாநகராட்சின்னு எப்படிப் பிரிச்சு வச்சிருக்காங்க, உங்க ஊரை வச்சு ரெண்டு பக்கம் எழுதித் தாங்க" என்று. ரெண்டு பக்கமா! மருமகனே, நீ கேட்ட நேரம் அப்படி. இன்றைய தேதியில் இந்த விஷயத்தை என்னைவிட அறிந்தவன் பூமியில் ஒருவன் இருந்தால் அவனை அழைத்து வா, பொன்னாடை போர்த்துகிறேன். வீட்டில் இன்னும் மிச்சம் கிடக்கின்றன. ஏன் மிச்சம் என்பது பின்னால் வரும். வாட்ஸ்அப்பில் அடங்குகிற சங்கதி இல்லை என்பதால்தான் காகிதத்தில் இறங்கியிருக்கிறேன். சோபாவில் சாய்ந்து படிக்காதே. நிமிர்ந்து உட்கார்.

முதலில் உன் கட்டுரைத் தலைப்பையே கிழித்துப் போட வேண்டியிருக்கிறது. இந்த நாட்டில் மாநிலமே கிடையாது. வெலிங்டனில் ஒரு பாராளுமன்றம், அதற்குக் கீழே நேராக ஊர்ச் சபைகள், நடுவில் வெறும் காற்று. அமெரிக்காக்காரன் கவுண்டி என்கிறானே, நம் மாவட்டம் மாதிரி, அதுவும் ஒரு காலத்தில் இங்கே இருந்ததாம். இப்போது அந்தப் பெயர் தெற்கே ஒரு ரக்பி அணியின் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்ற பிரதேசங்கள் பலவற்றில் ஆறு, கரை, வெள்ளம் இவற்றைப் பார்க்கப் பிராந்திய சபை ஒன்று, தெரு, குப்பை, நூலகம் பார்க்க நகர சபை ஒன்று என்று இரண்டு சமையலறை. ஆக்லாந்தில் மட்டும் 2010-ல் ஏழெட்டு சபைகளை ஒரே அண்டாவில் போட்டுக் கிண்டி ஒன்றாக்கிவிட்டார்கள். ஆகவே நம் மாவட்டமும் அதுதான், மாநகராட்சியும் அதுதான், கலெக்டரும் மேயரும் ஒட்டிப் பிறந்த ஒரே உடம்பு. மேலே மேயரும் இருபது கவுன்சிலர்களும் பெரிய காரியங்களைப் பார்ப்பார்கள். கீழே இருபத்தோரு உள்ளூர் சபைகள், நம் வார்டு கமிட்டி மாதிரி, ஆனால் பல்லு உள்ளவை, பூங்காவையும் மைதானத்தையும் சமூகக் கூடங்களையும் பார்க்கும். ரோட்டுக்கு என்று ஒரு தனி நிறுவனம், தண்ணீருக்கு என்று ஒரு தனி நிறுவனம். கேட்டாயா, இவ்வளவுதான். இதை எழுதிக் கொடுத்தால் உனக்கு நூற்றுக்கு எழுபது வரும். மீதி முப்பதை வாங்கித் தருவதற்காகத்தான் உன் மாமன் இந்த அத்தனை அரசாங்கங்களுக்கும் நடுவில் ஒரு தேரை இழுத்திருக்கிறான்.

எங்கள் முத்துமாரியம்மன் கோயிலை நீ படத்தில் பார்த்திருக்கிறாய். முன்பு கார்பெட் கிடங்காக இருந்த கட்டடம். அதற்கு இந்த வருஷம் முதல் முறையாகத் தேர் வந்திருக்கிறது. கும்பகோணத்துப் பக்கத்தில் செய்து, கப்பலில் ஏறி, பூச்சி புழு இருக்கிறதா என்று இங்கே மூச்சு முட்டப் புகை போடப்பட்டு, கலசம் வரை அளந்தால் விண்ணைக் கிழிக்கும் உயரம். (பூங்கோதை இதைப் படித்துவிட்டு, "நம்ம கார் ஷெட்டு உயரம்தாங்க" என்கிறாள். எந்தப் பெரிய விஷயத்தையும் கார் ஷெட்டால் அளப்பது அவள் வழக்கம்.) வருகிற மாசி மகத்துக்குத் தேரோட்டம். எங்கே ஓட்டுவது என்பதில்தான் போர் மூண்டது. யாழ்ப்பாணத்து சிவனேசன் என்று ஒரு மகானுபாவர், கோயில் பொருளாளர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், பொதுக்குழுவில் எழுந்து நின்று, "அண்ணைமார், ரோட்டிலை இழுக்கிற கதையெல்லாம் வேண்டாம். கோயில் கார் பார்க்கிலையே மூண்டு சுத்துச் சுத்தி நிலைக்கு விட்டாச் சோலி முடிஞ்சுது. ரோட்டுக்குப் போறதெண்டா எத்தினை பேரிட்டைக் கதைக்க வேணும் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்றார். கார் பார்க்! அம்பாள் டொயோட்டாவுக்கும் நிஸானுக்கும் நடுவில் ரிவர்ஸ் எடுப்பதா? வீட்டை விட்டு வர முடியாதவன் வாசலுக்கு அவளே வருவதற்குப் பெயர்தானே தேர்? நான் துள்ளி எழுந்தேன். துள்ளி எழுந்தவன் சும்மா இருந்திருக்கலாம். "நாலு வீதியும் வலம் வந்துதான் என் தாய் நிலைக்கு வருவாள். வராவிட்டால் இந்த மைக்கை இனி நான் தொட மாட்டேன், சிவனேசன் அவர்களே வைத்துக்கொள்ளட்டும்!" என்று கர்ஜித்துவிட்டேன்.

அந்த மைக் என்னவென்று உனக்குத் தெரியாது. பதினோரு வருஷமாக அது என் கையில் இருக்கிறது. "வெள்ளை நிற மாஸ்டா காரை வழியில் நிறுத்தியிருக்கும் அன்பர்" என்று நான் ஆரம்பித்தால் அந்த அன்பர் பிரசாதத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார். புளியோதரை தீர்ந்துபோன செய்தியைக்கூட மக்கள் அழாமல் கேட்பது என் குரலில் சொல்லும்போதுதான். இந்த நாட்டில் எனக்கென்று இருக்கிற ஒரே சிம்மாசனம் அது. அதைத்தான் வாய் தவறிப் பணயம் வைத்துவிட்டேன். சபை முழுக்கக் கைதட்டியது. சிவனேசன் மெதுவாகச் சிரித்து, "ஓம், பாப்பம்" என்றார். அந்த "பாப்பம்" இருக்கிறதே, அதில் ஆயிரம் ஈட்டி.

இப்போது நாலு வீதியைப் பார். கோயில் வாசலில் பெரிய ரோடு, பஸ் ஓடுவது. அது மாநகரின் போக்குவரத்து நிறுவனத்துக்குச் சொந்தம். அடுத்த பக்கத்து வீதி போகப் போக மோட்டர்வே என்கிற விரைவுச்சாலை ஏறுகிற வாயை உரசிக்கொண்டு போகிறது. அந்த இடத்தில் மட்டும், சரியாக ஒரு தேர் நீளத்துக்கு, தார் ரோடு மத்திய அரசாங்கம்! நின்றால் வெலிங்டன், இரண்டடி எடுத்து வைத்தால் ஆக்லாந்து. மூன்றாவது பக்கம் தெரு முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது, பூங்காவின் ஓரமாகத்தான் புகுந்து போக வேண்டும், பூங்கா உள்ளூர் சபை. நாலாவது பக்கம் புது டவுன்ஹவுஸ் வீடுகளுக்கு நடுவே போகிற பொதுச் சந்து. அது எந்த அரசாங்கமும் இல்லை, அங்கே குடியிருப்பவர்களுக்கே கூட்டாகச் சொந்தம், அவர்களுக்கு ஒரு சங்கம். ஆக நாலு வீதிக்கு நாலு அரசாங்கம். நம் ஊரில் ஒரு கலெக்டர் கையெழுத்துப் போட்டால் ஏழு ஊர் தேர் நகரும். இங்கே ஒரு தேர் நகர நாலு ராஜ்யம் தலையசைக்க வேண்டும்.

இதையெல்லாம் நான் ஆரம்பத்திலேயே அறிந்திருந்தேன் என்று நினைக்காதே. நம் ஊர்ப் பழக்கம் நம்மை விடுமா? எடுத்த எடுப்பில் உச்சாணிக் கொம்பைப் பிடித்தால் கீழே உள்ளவை தானாக உதிரும் என்று எண்ணி, பட்டு வேட்டி, பொன்னாடை, எலுமிச்சம்பழம் சகிதம் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போனேன். அலுவலகமா அது! ஒரு பக்கம் பால், ரொட்டி விற்கிற டெய்ரி, மறுபக்கம் முடிதிருத்தகம், நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. வாசலில் ஜீப் இல்லை, துப்பாக்கி இல்லை, காத்திருக்கிற கரைவேட்டி ஒன்றுகூட இல்லை. உள்ளே கோட்டுப் போட்ட ஓர் ஆறடி உருவம் கம்பீரமாக நின்றிருந்தது. நான் தாமதிக்கவில்லை. "மாண்புமிகு" என்று ஆரம்பித்துப் பொன்னாடையைப் போர்த்தி, பழத்தைக் கையில் திணித்து, பூங்கோதையைப் படம் எடுக்கச் சொல்லிவிட்டேன். அவர் ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்க்க வந்தவர். நல்ல மனுஷர், பொன்னாடையோடேயே குனிந்து மெஷினைச் சரிபண்ணினார். எம்.பி. வெலிங்டனில். அங்கே வேலை பார்க்கும் அபர்ணா என்கிற நம்ம தமிழ்ப் பெண், சென்னைக்காரி, சிரிப்பை விழுங்கிக்கொண்டு சொன்னாள்: "அங்கிள், எம்.பி. சட்டம் போடுவார், ரோடு போட மாட்டார். பூங்காவுக்கு லோக்கல் போர்டைப் பாருங்க. எம்.பி.யே போன் பண்ணிச் சொன்னாலும் அவங்க கேட்கணும்னு ஒண்ணுமில்ல."

"அப்ப யாரும்மா பெரியவங்க?"

"அந்தந்த இடத்துல அந்தந்த ஆளுதான் பெரியவங்க, அங்கிள்."

மருமகனே, இந்த ஒரு வாக்கியத்தை உன் கட்டுரையின் நெற்றியில் ஒட்டு. எனக்கு அங்கேயே ஞானம் பிறந்தது. மேலிருந்து கீழே இறங்குகிற ஏணி இங்கே இல்லை, நாலு தனித்தனி ஸ்டூல்தான். பட்டு வேட்டியைக் கழற்றி, வாங்கி வைத்திருந்த மிச்சப் பொன்னாடைகளையும் பீரோவில் போட்டுவிட்டு ஒவ்வொரு ஸ்டூலாக ஏறத் தொடங்கினேன்.

முதலில் உள்ளூர் சபை. அவர்கள் கூட்டத்தில் பொதுமக்கள் எழுந்து பேச மூன்று நிமிஷம் தருகிறார்கள். எனக்கு மூன்று நிமிஷம்! மைக்கோடு! பாற்கடல் கிடைத்த பூனையானேன். பூர்வகுடிகளின் மாவோரி மொழியில் வணக்கத்தோடு அழகாகக் கூட்டம் ஆரம்பித்தது, அதைக் கேட்டதும் எனக்கும் மரபு பொங்கிவிட்டது. "பெருமதிப்புக்குரிய சபைத் தலைவி அவர்களே, இடப்பக்கம் வீற்றிருக்கும் துணைத் தலைவர் அவர்களே, வலப்பக்கத்தை அலங்கரிக்கும் உறுப்பினர்களே, குறிப்பெடுக்கும் சகோதரி அவர்களே, தண்ணீர்க் குவளையை நகர்த்திவைத்த அன்பரே" என்று ஒவ்வொருவரையும் ஆங்கிலத்தில் முறைப்படி விளித்து, இந்த மண்ணின் எரிமலைகளை வணங்கி, என் பிறந்த ஊர், வளர்ந்த ஊர், படித்த கல்லூரி எல்லாம் சொல்லி, "இனி விஷயத்துக்கு வருகிறேன்" என்ற இடத்தில் மணி அடித்துவிட்டார்கள். தேர் என்ற சொல் அதுவரை என் வாயிலிருந்து வரவில்லை. பின் வரிசையில் வேடிக்கை பார்க்க வந்திருந்த சிவனேசன், "அண்ணை, கும்பிடு போட்டே நேரத்தை முடிச்சுப்போட்டியள்" என்று காதுபட முனகினார். தலைவியம்மாள் கண்ணாடியைக் கழற்றி, உங்களுக்கு என்னதான் வேண்டும், ஒரே வரியில் சொல்லுங்கள் என்றார். ஒரே வரி! என் வாழ்க்கையில் அப்படி ஒன்றை நான் பேசியதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, "ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, எங்கள் அம்மா உங்கள் பூங்கா ஓரமாக நடந்து போக வேண்டும்" என்றேன். அம்மாவுக்கு என்ன வயது, சக்கர நாற்காலி வேண்டுமா என்று ஓர் உறுப்பினர் கவலையோடு கேட்டார். சக்கரம் அவளிடமே நாலு இருக்கிறது என்று விளக்கினேன். சபை சிரித்தது. புல் காய்ந்திருந்தால் சரி, பலகை விரித்து இழுக்க வேண்டும், பூசணிக்காயைப் பூங்காவில் உடைக்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு முதல் ராஜ்யம் விழுந்தது.

அடுத்து ரோடு. ரோட்டுக்காரர்களிடம் வெறுங்கையோடு போக முடியாது. எந்த இடத்தில் வழியடைக்கும் கூம்பு, எந்த முனையில் ஆள், எந்தப் பக்கம் பஸ்ஸைத் திருப்புவது என்று வரைபடம் போட்டுத் தருவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஒடாஹுஹுவில் அப்படி ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் உஷா என்ற மலேசியத் தமிழ்ப் பெண் கிடைத்தாள். கூர்மையான பெண். ஆனால் கேள்விகள்!

"அங்கிள், வண்டி என்ன டைப் லா?"

"தேர்."

"இன்ஜின்?"

"இருநூறு பக்தர்கள்."

"ஸ்பீடு எவ்ளோ போகும்?"

"அது அவள் சித்தம், அம்மா. சில சமயம் அரை மணி நேரம் அசையவே மாட்டாள்."

"ஐயோ, அப்படியெல்லாம் எழுத முடியாது லா. பிரேக் இருக்கா?"

"முட்டுக்கட்டை இருக்கு. சக்கரத்துக்குக் கீழ ஒருத்தர் கட்டையைச் சொருகுவார்."

உஷா கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். பிறகு, "கவலைப்படாதீங்க அங்கிள், நான் ஈசியா போட்டுத் தர்றேன். ட்ராஃபிக்கை வெட்டவே வேணாம், ஒரே ஓரமா போற மாதிரி" என்று சொல்லி, நாலு நாளில் வண்ண வண்ணமாக ஒரு வரைபடம் அனுப்பினாள். ஆரஞ்சுக் கூம்புகள், பச்சை அம்புக்குறிகள், கோயில் இருக்கிற இடத்தில் குட்டியாக ஒரு கோபுரம்கூட வரைந்திருந்தாள். நான் கோபுரத்தைப் பார்த்துக் கண்கலங்கிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வரைபடத்தைப் பார்த்த போக்குவரத்து நிறுவனம், இவ்வளவு தொல்லையில்லாத ஊர்வலத்தை நாங்கள் கண்டதே இல்லை என்று மின்னஞ்சல் அனுப்பியது. இரண்டாவது ராஜ்யம் பணால்!

மூன்றாவது, மத்திய அரசு. ஒரு தேர் நீளத் தார் ரோட்டுக்காக நான் வெலிங்டனோடு நடத்திய கடிதப் போரை எழுதினால் அதற்கே தனிக் கப்பல் வேண்டும். அந்த இடத்தில் அம்மன் நிற்கக் கூடாது, அர்ச்சனைத் தட்டு வாங்கக் கூடாது, கற்பூரம் காட்டக் கூடாது, ஞாயிறு விடிந்ததும் மோட்டர்வே வாயைக் கொஞ்ச நேரம் அடைத்துத் தருவோம், அதற்குள் கடந்துவிட வேண்டும் என்றார்கள். "முத்துமாரி அங்கே சிறு நடை ஓடுவாள்" என்று பதில் எழுதினேன். வரைபடத்தைப் பார்த்துவிட்டு அவர்களும் சம்மதம் தந்தார்கள்.

நாலாவதுதான், மருமகனே, நான்கிலும் கொடிய சாம்ராஜ்யம். சந்துச் சங்கம். மத்திய அரசை வென்றவன் பதினோரு வீட்டுச் சங்கத்திடம் மண்டியிட்டேன். தலைவி மார்கரெட் என்கிற வெள்ளைக்கார அம்மாள், எழுபது வயதிருக்கும், ஹைட்ரேஞ்சாப் பூச்செடி வளர்ப்பவர். கதவைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "குப்பை லாரியைவிட அகலமா?" இல்லை என்றேன். "குப்பை லாரி என் செடியை இரண்டு தரம் இடித்திருக்கிறது." எங்கள் தாய் எந்தச் செடியையும் இடித்ததில்லை என்று சத்தியம் செய்தேன். சங்கம் கூடியது. ஒருவர் தன் படகை நகர்த்த மாட்டேன் என்றார், இன்னொருவர் மேளச் சத்தத்தில் தன் நாய் மனம் உடையும் என்றார். வரைபடத்தை மேஜையில் விரித்து, பூங்கோதை கொடுத்துவிட்ட மெதுவடையை அதன் நாலு மூலையிலும் வைத்தேன். வடை தீரத் தீர வாக்குகள் கனிந்தன. படகுக்காரர் சட்னியோடு கட்சி மாறினார். கடைசியில் மார்கரெட் அம்மாள், தன் சந்துக்குள் வரும்போது வடத்தைத் தானும் பிடித்து இழுப்பேன், அதுதான் நிபந்தனை என்றார். பேச முடியாமல் நான் நின்ற வரலாற்று நிகழ்ச்சி அது ஒன்றுதான்.

ஆக, வென்றேன்! நாலு ராஜ்யமும் வென்றேன்! நேற்றுப் பொதுக்குழுவில் நாலு அனுமதிக் கடிதங்களையும் விசிறி போலப் பிடித்துக்கொண்டு மைக்கில் ஒரு மணி நேரம் முழங்கினேன். மனுரேவாவிலிருந்து ரயில் ஏறி வந்தவர்களெல்லாம் கடைசி ரயிலைத் தவறவிட்டுக் கேட்டார்கள். பொங்கலுக்குக்கூட வராத ஐ.டி. பையன்கள் வடம் பிடிக்கப் பெயர் கொடுத்தார்கள். சிவனேசன் எழுந்து வந்து என் கையைப் பிடித்து, "அண்ணை, உண்மையிலையே பெரிய வேலை செய்துபோட்டியள். நான் நினைக்கேல்லை" என்றார். போர்முனையில் எதிரி வாளைத் தாழ்த்துகிற காட்சி அது. நான் பெருந்தன்மையோடு, முட்டுக்கட்டைப் பொறுப்பை அவருக்கு அருளினேன்.

உன் கட்டுரைக்கு இனி என்ன குறை? ஆட்சி என்பது படிக்கட்டு என்று உங்கள் பயிற்சியாளர் சொன்னால், எழுந்து நின்று, "இல்லை ஐயா, அது என் மாமா தேர் இழுத்த நாலு வீதி" என்று சொல். உஷாவின் வரைபடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், கட்டுரையோடு ஒட்டிக்கொள்.

அக்காளுக்கு என் வணக்கம். மாமாவுக்கு, அதாவது உன் அப்பாவுக்கு, நான் இன்னும் அவரைவிட உயரம் என்பதை நினைவூட்டு. உனக்கு விரைவில் ஒரு பதவி உயர்வும், அதற்குப் பொருத்தமான ஒரு தொப்பையும், அந்தத் தொப்பையைக் கண்டிக்க ஒரு நல்ல பெண்ணும் வாய்க்க முத்துமாரி அருள்வாளாக.

இப்படிக்கு,
நாலு வீதி கொண்டான்,
மைக் காத்த பெருமாள்,
உன் மாமன் திருநாவுக்கரசு.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் "வென்றேன்" என்ற சொல் வருகிற இடங்களையெல்லாம் தயவுசெய்து அடித்துவிடு. கடிதத்தைக் கவரில் போடும்போது உன் அத்தை வரைபடத்தை வாங்கிப் பார்த்தாள். கோபுரத்தின் மேல் விரலை வைத்தாள். பச்சை அம்புக்குறி வழியாக இன்னொரு விரலை நடக்கவிட்டாள். பிறகு, "ஏங்க, அம்மன் போகையில கோயில் எந்தக் கைப்பக்கம் வருது?" என்றாள். நானும் நடக்கவிட்டேன். இடது கை. மறுபடி நடக்கவிட்டேன். மறுபடியும் இடது கை. இந்த ஊரிலும் வண்டி ரோட்டின் இடப்பக்கம்தானே போகும், அதனால் எதையும் வெட்டாமல் ஓரமாகச் சுற்ற வேண்டுமானால் எல்லாம் இடது திருப்பமாகத்தான் வர வேண்டும் என்று அந்தப் பெண் அழகாகப் போட்டுவிட்டாள். நானும் கோபுரத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மருமகனே, மத்திய அரசு, மாநகரம், உள்ளூர் சபை, சந்துச் சங்கம், நாலு ராஜ்யமும் ஒருமனதாக எங்கள் தாயை அப்பிரதட்சிணமாகச் சுற்றிவர அனுமதித்திருக்கின்றன! பிணத்துக்குச் சுற்றுகிற சுற்று!

உஷாவுக்குப் போன் போட்டேன். "அம்பைத் திருப்பிப் போட்டுக்கலாம் அங்கிள், ஆனா நாலு பேர்கிட்டயும் புதுசா அப்ளை பண்ணணும் லா, மாசி மகத்துக்குள்ள வராது" என்றாள். எங்கள் கோயிலின் யாழ்ப்பாணத்துக் குருக்களுக்குப் போன் போட்டேன். "வலம் வருகிறதெண்டால் வீதி, இல்லையெண்டால் கார் பார்க். இதிலை கதைக்க ஒண்டுமில்லை" என்றார். பக்கத்தில் சிவனேசன் இருந்திருக்கிறார். "அண்ணை, மைக்குக்கு பேட்டரி புதுசா வாங்க வேணுமோ, கிடக்கிறது காணுமோ?" என்று குரல் வந்தது.

ஆனால் உன் மாமன் விழுகிறவனா? ஒரே நொடியில் ஒரு மின்னல். நாங்கள் இருப்பது பூமியின் அடிப்பக்கம். நீங்கள் இருப்பது மேல்பக்கம். கண்ணாடியில் வரைந்த அம்புக்குறியை மறுபுறமிருந்து பார்த்தால் அது எதிர்த்திசையில் போகும். ஆகவே கரூரிலிருந்து ஒருவன் குனிந்து பூமியைத் துளைத்துப் பார்த்தால் எங்கள் தேர் சுத்தமான பிரதட்சிணம்! குருக்களிடம் இதைச் சொன்னேன். சிரித்தாரா, செருமினாரா தெரியவில்லை, "அப்பிடிப் பாத்த ஆரேனும் அரச உத்தியோகத்தன் எழுதித் தந்தால் யோசிக்கலாம்" என்றார். பூங்கோதை மட்டும், "அவளோட வலது கை எங்கிருந்து பார்த்தாலும் வலது கைதானே?" என்று ஒன்று கேட்டாள். அது இன்னும் குருக்கள் காதுக்குப் போகவில்லை. நீயும் போகவிடாதே.

எனவே, ஆதவா, கட்டுரையைத் தூக்கிப் போடு. இந்த மடல் கிடைத்த மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போனதும் முதல் காரியமாக, "மேலிருந்து நோக்குமிடத்துத் தேர் வலமாகவே செல்கிறது" என்று ஒரு வரி எழுதி, பச்சை மையில் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி அனுப்பு. நாலு அரசாங்கம் கவிழ்த்த தேரை நிமிர்த்த வேண்டிய ஐந்தாவது அரசாங்கம் நீ.